ஊட்னடாட்டா தடத்தில் மூன்று வண்டி, கூடாரம், குழந்தைகள்: எப்படித் திட்டமிடுவது?

மெல்பர்னிலிருந்து மூன்று குடும்பம், குழந்தைகளையும் சேர்த்துப் பதினோரு பேர், மூன்று வண்டி. ஜூலை பள்ளி விடுமுறையில் அடிலெய்டுக்கு வந்து, அங்கிருந்து பாலைநிலத்து மண்சாலையான ஊட்னடாட்டா தடம் வழியாக நாலு நாளில் நாட்டின் நடுவிலுள்ள உலுரு பாறைக்குப் போய்ச் சேரலாமா, வழியெல்லாம் கூடாரத்தில் தங்கலாமா, என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், தங்கலாம். ஆனால் நாலு நாளில் வேண்டாம். கடையில் நீங்கள் வாங்கப்போகும் எந்தச் சாமானையும்விட, திட்டத்தில் கூடுதலாகச் சேர்க்கும் இரண்டு மூன்று நாட்கள்தான் உங்களைக் காப்பாற்றப் போகின்றன. நான் அடிலெய்டில் இருக்கிறேன், அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவன். பாலைநிலப் பயணங்களில் நான் பார்த்த தொல்லைகளில் முக்கால்வாசிக்கு ஒரே காரணம்தான்: பொழுது சாய்ந்த பிறகும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

கணக்கைப் பாருங்கள். அடிலெய்டிலிருந்து மரீ சுமார் 685 கி.மீ. மரீயிலிருந்து மார்லா வரை, அதாவது ஊட்னடாட்டா தடம் முழுவதும், சுமார் 620 கி.மீ. மண்சாலை. மார்லாவிலிருந்து உலுரு அருகிலுள்ள யுலாராவுக்கு இன்னும் 500. மொத்தம் 1,800 கி.மீ. நாலால் வகுத்தால் நாளைக்கு 450. தார்ச்சாலையில் அது ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் ஜூலையில் அங்கே பகல் வெளிச்சம் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். காலை ஏழேகாலுக்கு மேல் விடிந்து, மாலை ஐந்தரை வாக்கில் சூரியன் போய்விடும். குழந்தைகளோடு மூன்று குடும்பம் எழுந்து, சாப்பிட்டு, கூடாரத்தைப் பிரித்து, வண்டியில் ஏற்றிக் கிளம்ப எவ்வளவு வேகமாகச் செய்தாலும் ஒன்பதரை ஆகும். வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் அடித்துச் சமைக்க வேண்டுமானால் நாலு மணிக்கு நிறுத்தியாக வேண்டும். நடுவில் மிச்சம் ஆறரை மணி நேரம். மதியச் சாப்பாடு, கழிப்பறை, ‘அப்பா, அங்கே ஒட்டகம்’ என்று நிறுத்தும் நேரமெல்லாம் போக, மண்சாலையில் நாளைக்கு 200 முதல் 250 கி.மீ. தான் நிம்மதியாகப் போகலாம். அதற்கு மேல் திட்டம் போட்டால் அந்தக் கூடுதல் தூரத்தை இருட்டில்தான் ஓட்டுவீர்கள்.

இருட்டில் ஓட்டுவதில் என்ன ஆபத்து என்பது நகரத்தில் ஓட்டிப் பழகியவர்களுக்கு உடனே புரியாது. கங்காருக்கள் மாலையிலும் விடியலிலும்தான் மேய வரும். விளக்கு வெளிச்சத்தைக் கண்டால் விலகாமல் குறுக்கே பாயும். அதைவிட மோசம் மாடு. அங்கே மாட்டுப் பண்ணைகளுக்குச் சாலையோர வேலி பெரும்பாலும் கிடையாது. கறுப்பு மாடு ஒன்று சாலை நடுவில் நின்றால் மிக அருகில் போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. கங்காரு மீது மோதினால் ரேடியேட்டர் போகும். மாட்டின் மீது மோதினால் வண்டியே போகும், உள்ளே இருப்பவர்களும் பிழைப்பது கஷ்டம்.

அதனால் என் யோசனை இது. முதல் நாள் அடிலெய்டிலிருந்து பிளிண்டர்ஸ் மலைத்தொடர் பக்கம், ஹாக்கர் அல்லது வில்பீனா. நல்ல தார்ச்சாலை, 400 கி.மீ. சொச்சம். இரண்டாம் நாள் ஃபாரினா. மரீக்கு 55 கி.மீ. முன்னால் வரும் கைவிடப்பட்ட ஊர் அது. மழையை நம்பிக் கோதுமை விதைக்க வந்தவர்கள் வறட்சியில் விட்டுப் போனது. கல் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. குளிர்காலத்தில் சில வாரங்கள் தன்னார்வலர்கள் வந்து, அங்குள்ள பழைய நிலத்தடி அடுப்பில் ரொட்டி சுட்டு விற்பார்கள். உங்கள் தேதியோடு அது பொருந்தினால் விடாதீர்கள். மூன்றாம் நாள் மரீ வழியாகக் கோவர்ட் ஸ்பிரிங்ஸ். நாலாம் நாள் வில்லியம் கிரீக் தாண்டி அல்ஜிபக்கினா பாலம் அருகே. ஐந்தாம் நாள் ஊட்னடாட்டா வழியாக மார்லா. ஆறாம் நாள் தார்ச்சாலையில் யுலாரா. உலுருவில் இரண்டு நாள். திரும்பும்போது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் குபர் பிடி வழியாக மெல்பர்ன் வர நாலு நாள். மெல்பர்ன்–அடிலெய்ட் முதல் நாளையும் சேர்த்தால் 13. இரண்டு வார விடுமுறை, முன்னும் பின்னும் சனி ஞாயிறு என்று 16 நாள் கிடைக்கிறது. மிஞ்சும் மூன்று நாளை எதிலும் செலவழிக்காமல் வைத்திருங்கள். அது மழைக்கான நாள்.

மழையா, பாலைவனத்திலா என்று கேட்பீர்கள். அங்கே 10 மி.மீ. பெய்தாலே சாலையை மூடிவிடுவார்கள். அந்தக் களிமண் நனைந்தால் இட்லி மாவு போலச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு வண்டி நகராது. மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் கடுமையாக இருக்கும். அந்த அபராதம் நியாயமானதும்கூட, ஏனென்றால் நீங்கள் ஈரத்தில் போட்ட பள்ளம் காய்ந்து இறுகி, சரிசெய்ய கிரேடர் வரும்வரை எல்லோருடைய வண்டியையும் பதம் பார்க்கும். வில்லியம் கிரீக்கில் மாட்டிக்கொண்டால் இரண்டு நாளோ மூன்று நாளோ அங்கேயேதான். திங்கட்கிழமை அலுவலகத்தில் இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர்கள்தான் ‘கொஞ்சம் காய்ந்திருக்கும், போய்ப் பார்க்கலாம்’ என்று கிளம்புகிறார்கள். மூன்று குடும்பத்தில் ஒருவருக்கு அந்த நெருக்கடி இருந்தாலும் மற்ற இரண்டும் சேர்ந்து மாட்டும். லீவு போடும்போதே மூவரும் ஒரே மாதிரி போடுங்கள்.

சரி, வண்டி. உங்களிடம் பிராடோ என்ற நாற்சக்கர இயக்க வண்டி ஒன்றும் இரண்டு சாதாரண எஸ்யூவியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாலை காய்ந்திருந்தால் ஊட்னடாட்டா தடத்துக்கு எஸ்யூவி போதும், நிதானமாக ஓட்ட வேண்டும். வாடகை வண்டியாக இருந்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் போடாத சாலையில் போகக் கூடாது என்று பெரும்பாலும் இருக்கும், மீறினால் காப்பீடு கிடையாது. டயர்தான் முக்கியம். அங்கே தரை முழுக்கச் செம்பழுப்பு நிறக் கூழாங்கற்கள், சில இடத்தில் கத்தி முனை மாதிரி கூர். தார்ச்சாலைக்கு வைத்திருக்கும் காற்றை மண்சாலையில் இறங்கியதும் 28–30 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். வேகத்தையும் 80-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். காற்றைக் குறைத்துவிட்டு 110-ல் போனால் டயர் சூடேறி வெடிக்கும். திரும்பத் தாரில் ஏறியதும் காற்றை நிரப்பியாக வேண்டும், அதனால் ஒரு கம்ப்ரசரும் காற்றழுத்தமானியும் அவசியம். எஸ்யூவிகளில் இப்போதெல்லாம் ஸ்டெப்னி என்று ஒல்லியான தற்காலிகச் சக்கரம் ஒன்றைத்தான் வைக்கிறார்கள், சிலவற்றில் அதுவும் இல்லை. இந்தச் சாலைக்கு அது உதவாது. ஒவ்வொரு வண்டிக்கும் முழு அளவு ஸ்டெப்னி ஒன்றாவது இருக்கட்டும். கிளம்பும் முன் வீட்டு வாசலில் வைத்து அதை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கி மென்மண்ணில் புதையாமல் இருக்க அடியில் வைக்கக் கெட்டியான பலகைத் துண்டு ஒன்றும் வேண்டும்.

பெட்ரோல், டீசல் மரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லாவில் கிடைக்கும். ஏறத்தாழ 200 கி.மீ.க்கு ஒன்று. விலை நகரத்தைவிடக் கணிசமாகக் கூடுதல். இருந்தாலும் ஒவ்வொரு இடத்திலும் முழு டேங்க் அடியுங்கள். ஒரு வண்டி பழுதாகி அடுத்த வண்டி உதவி தேடிப் போக வேண்டியிருந்தால் அந்த டேங்க்தான் கை கொடுக்கும்.

கூட்டமாகப் போவது பலம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தானாக வந்துவிடாது. மூன்று வண்டியும் தனித்தனியாக ஓடினால் அது மூன்று தனிப் பயணம்தான். மண்சாலையில் முன் வண்டி கிளப்பும் புழுதி காற்றில்லாத நாளில் நிமிடக் கணக்கில் அப்படியே தொங்கும். பின்னால் வருபவருக்குச் சாலையே தெரியாது. அதனால் புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுவீர்கள், அது ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். அந்த இடைவெளியில்தான் பின்வண்டி டயர் வெடித்து நிற்கும், முன்வண்டிக்குத் தெரியாது. இதற்குப் பழைய, நல்ல வழக்கம் ஒன்று உண்டு. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்வண்டி நிற்க வேண்டும், பின்வண்டி கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும். நடுவண்டி முன்னதைத் துரத்த வேண்டியதில்லை, பின்னதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. அனுபவம் அதிகம் உள்ளவர் கடைசி வண்டியில் இருக்கட்டும். பொதுவாக அவரைத்தான் முன்னால் விடுகிறார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர் முன்னால் போய்விட்டால், பழுதாகி நிற்கும் பின்வண்டிக்கு என்ன உதவி?

வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள யூஎச்எஃப் எனப்படும் குறுந்தூர ரேடியோ வாங்குங்கள். அங்கே கைபேசி சிக்னல் ஊர்களில் மட்டும்தான். ஊரைத் தாண்டினால் ஒன்றும் இருக்காது. கையடக்க ரேடியோக்களே உங்கள் தேவைக்குப் போதும், 5 வாட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நாற்சக்கர இயக்க வண்டிக் கூட்டங்கள் வழக்கமாக 10-ஆம் அலைவரிசையில் பேசும். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் இருப்பது 40-ல். 5-ம் 35-ம் அவசரத்துக்கு மட்டும், அவற்றில் அரட்டை கூடாது. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ‘ரோட் டிரெயின்’ எனப்படும் தொடர் லாரிகள் சுமார் 53 மீட்டர்வரை நீளம் இருக்கும். முந்துவதற்கு முன் 40-ல் லாரி ஓட்டுநரிடம் கேட்டால் சொல்வார். மண்சாலையில் எதிரே ஒன்று வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி, அது போய்ப் புழுதி அடங்கும்வரை அப்படியே நில்லுங்கள்.

ரேடியோவுக்கு எட்டும் தூரம் கொஞ்சம்தான். உயிருக்கு ஆபத்து என்றால் வேண்டியது செயற்கைக்கோள் கருவி. ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் ஒன்றைக் குழுவுக்கு வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வைத்திருங்கள். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கான்பராவில் உள்ள கடல்சார் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தகவல் போகும். சந்தா எதுவும் இல்லை, பதிவும் இலவசம். கூடவே, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று இருந்தால் ‘டயர் போய்விட்டது, ஆபத்து இல்லை’ போன்ற சின்ன விஷயங்களையும் சொல்ல முடியும். பறக்கும் மருத்துவர் சேவை 1928-லிருந்து இந்த நிலத்துக்காகவே இயங்குகிறது. ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் அவர்களும் வர முடியும். மெல்பர்னில் இருக்கும் ஒருவரிடம் உங்கள் நாள்வாரித் திட்டத்தைக் கொடுத்துவிட்டு, எந்த நாள் எந்த மணிக்குள் தகவல் வராவிட்டால் போலீஸிடம் சொல்ல வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள்.

இனி நான் சொல்லப்போவது உங்கள் குழுவில் எல்லோரும், பெரிய பிள்ளைகள் உட்பட, கேட்டிருக்க வேண்டிய விஷயம். 1998 டிசம்பரில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி, வில்லியம் கிரீக் அருகே பிரியும் தடத்தில் 60 கி.மீ. உள்ளே போய், ஐர் என்ற உப்பு ஏரியின் கரையில் ஹாலிகன் வளைகுடாவில் மணலில் வண்டியைப் புதைத்துக்கொண்டார்கள். அங்கே தண்ணீர்த் தொட்டி இருந்தது. சில நாள் காத்திருந்துவிட்டு, கோடை வெயிலில் வில்லியம் கிரீக்கை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். அந்த இளைஞர் முடியாமல் வண்டிக்கே திரும்பி, அந்தத் தண்ணீரில் உயிர் பிழைத்தார். அந்தப் பெண் தொடர்ந்து நடந்து, ஏறத்தாழ பாதி வழியில் இறந்துபோனார். பிறகு போலீஸ் வந்து டயரில் காற்றைக் குறைத்து அந்த வண்டியைச் சுலபமாக வெளியே ஓட்டினார்கள். அதற்கு முன் 1963-லும் பேர்ட்ஸ்வில் தடத்தில் வண்டியை விட்டு நடந்த ஒரு குடும்பத்தில் ஐந்து பேரும் மாண்டார்கள். ஆகாயத்திலிருந்து தேடுபவருக்கு வண்டி தெரியும், நடக்கிற மனிதர் தெரிய மாட்டார். வண்டி நின்றுபோனால் வண்டியிடமே இருங்கள். நிழல் கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீரைக் குடியுங்கள். இந்த ஒரு விதியில் விவாதமே வேண்டாம். ஜூலையில் வெயில் கொல்லாது, ஆனால் இரவுக் குளிரும் வழி தவறுவதும் அப்படியேதான் இருக்கின்றன. (கோடையில் போகும் எண்ணம் எப்போதாவது வந்தால் விட்டுவிடுங்கள். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2-ஆம் தேதி 50.7 டிகிரி பதிவானது.)

தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு ஐந்து முதல் ஏழு லிட்டர். பதினோரு பேருக்கு, மூன்று நாள் மாட்டிக்கொள்வதற்கும் சேர்த்து, 200 லிட்டருக்குக் குறையக் கூடாது. இதை ஒரே பெரிய கேனில் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு வண்டியிலும் அந்தக் குடும்பத்துக்கான தண்ணீர், சாப்பாடு, போர்வை, முதலுதவிப் பெட்டி எல்லாம் தனியாக இருக்க வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்க ‘ஸ்டவ் உங்கள் வண்டி, அரிசி எங்கள் வண்டி’ என்று பிரிப்பது வழக்கம். ஒரு வண்டி பின்தங்கினால் அந்தப் பிரிவினை எல்லோரையும் பட்டினி போடும்.

கூடாரம் அடிக்கும் இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாலு மணிக்கு நிறுத்துவதன் பயன் இங்கேதான் தெரியும். வெளிச்சத்தில் இறங்கி நடந்து பாருங்கள். வறண்ட ஓடைப் படுகை பார்க்க மெத்தென்று, மணலாக, காற்றுக்கு மறைவாக இருக்கும். அங்கே அடிக்காதீர்கள். எங்கோ தொலைவில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே அந்த வழியாக வரும். ஓடையோரம் நிற்கும் பெரிய யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழேயும் வேண்டாம். காற்றே இல்லாத நேரத்திலும் பெரிய கிளையை உதறிவிடும் மரம் அது. எறும்புப் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். நெருஞ்சி முள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆமாம், நம் ஊர் நெருஞ்சியேதான் அங்கேயும் மண்டிக் கிடக்கிறது, காற்றடைத்த மெத்தையை ஒரே இரவில் தரையோடு தரையாக்கிவிடும். மாடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி அருகிலும் தங்கக் கூடாது. தென் ஆஸ்திரேலியப் பண்ணை நிலங்களில் நீர்த்தொட்டியிலிருந்து 500 மீட்டருக்குள்ளும், வீடு கொட்டகையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் முகாம் போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மனிதர் இருந்தால் மாடு தண்ணீருக்கு வராமல் தாகத்தோடு நிற்கும்.

தரை பல இடங்களில் கல். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் இரண்டு தட்டுத் தட்டினாலே வளைந்துவிடும். தடித்த இரும்பு முளைகளும் நல்ல சுத்தியலும் வாங்குங்கள். முளை இல்லாமலே நிற்கும் கூடாரமாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்று வண்டியையும் காற்று வரும் பக்கம் ‘ப’ மாதிரி நிறுத்தி, உள்ளே சமையலும் கூடாரமும் வைத்தால் காற்றுத் தொல்லை பாதி குறையும். இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், சில நாள் கூடாரத்தின் மேல் உறைபனி படியும். போர்வையைப் பற்றி மட்டுமே யோசிக்கிறோம், ஆனால் குளிர் தரையிலிருந்துதான் ஏறும். அடியில் போடும் பாய், நுரை மெத்தையில் பணத்தைப் போடுங்கள். குழந்தைகளுக்குத் தலையை மூடும் கம்பளித் தொப்பி. ஆஸ்திரேலியர்கள் ‘ஸ்வாக்’ என்று கித்தான் படுக்கைச் சுருள் ஒன்று வைத்திருப்பார்கள். விரித்தால் படுக்கை, மூடினால் கூடாரம். பெரியவர்களுக்கு நல்லது, ஆனால் வண்டியில் நிறைய இடம் பிடிக்கும்.

சமையல் விஷயத்தில் முதலில் ஒன்று. விக்டோரியாவிலிருந்து தென் ஆஸ்திரேலியாவுக்குள் பழங்களையும் தக்காளி, கத்திரி, மிளகாய் போன்ற காய்களையும் கொண்டுபோக முடியாது. பழ ஈயைத் தடுக்கும் கட்டுப்பாடு அது, அபராதம் உண்டு. காய்கறியை அடிலெய்டிலோ போர்ட் ஆகஸ்டாவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். மெல்பர்னிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வறுத்த ரவை, ஊறுகாய் கொண்டுவாருங்கள். குக்கர் கட்டாயம். எரிவாயுவும் மிச்சம், தண்ணீரும் மிச்சம், ஒரே பாத்திரத்தில் சாம்பார் சாதம் பதினோரு பேருக்கு ஆகிவிடும். குளிரில் இருட்டிய பிறகு சூடான ரசம் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டுகளைக் கழுவும் முன் காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிட்டு, தெளிப்பான் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் அடித்தால் போதும். ஈக்கள் பகலில் மூக்கு, கண், வாய் என்று மொய்க்கும். குளிர்காலத்தில் குறைவு, இருந்தாலும் முகவலை பத்து டாலருக்குள் கிடைக்கும், ஆளுக்கொன்று வாங்குங்கள். மரீயைத் தாண்டியதும், டிங்கோ எனும் காட்டு நாய்களைத் தடுக்கும் வேலியைக் கடப்பீர்கள். அதற்கு அப்பால் டிங்கோக்கள் சுதந்திரமாகத் திரியும். மிச்சச் சாப்பாட்டையும் செருப்பு, பூட்ஸையும் இரவில் வெளியே போடாதீர்கள், இரண்டையும் தூக்கிக்கொண்டு போகும்.

தீ மூட்டலாமா என்பது இடத்தையும் அன்றைய தடை உத்தரவையும் பொறுத்தது, அங்கங்கே கேளுங்கள். பூங்காக்களில் விறகு பொறுக்கக் கூடாது. கீழே கிடக்கும் பட்ட மரம்தான் அங்குள்ள பல்லி, ஓணான்களின் வீடு. படுக்கும் முன் தணலை மண் போட்டு மூடாதீர்கள். மண்ணுக்கு அடியில் கங்கு மறுநாள் காலைவரை உயிரோடு இருக்கும், வெறுங்காலோடு ஓடும் குழந்தை அதில் மிதிக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்க்க முடியும்வரை அணையுங்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் நீர்நிலையிலிருந்து 100 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தைப் பையில் கட்டி எடுத்துவந்துவிடுங்கள். ஜூலையில் பாம்பு பெரும்பாலும் ஒடுங்கியிருக்கும். கடித்தால் கழுவாதீர்கள், கீறாதீர்கள். கை காலாக இருந்தால் முழு நீளத்துக்கும் அகலமான பட்டையால் இறுக்கமாகச் சுற்றி, குச்சி வைத்துக் கட்டி, ஆளை அசையவிடாமல் படுக்க வைத்து பீக்கனை அழுத்துங்கள்.

இவ்வளவு எச்சரிக்கையும் எதற்காக என்றால், அந்தத் தடத்தில் பார்க்க இருப்பவை அவ்வளவு அருமையானவை. மரீக்கும் வில்லியம் கிரீக்குக்கும் நடுவில் பப்ளர் என்று ஒரு ஊற்று இருக்கிறது. செடிகொடி இல்லாத வெளியில் ஒரு சின்ன மேடு, மேலே ஏறினால் தெளிந்த குட்டை. பார்த்துக்கொண்டே இருந்தால் அடியில் மணல் மெதுவாகப் புரண்டு, ஒரு பெரிய குமிழி எழுந்து வந்து பரவி அடங்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி. கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு அடியில் பரவியிருக்கும் மாபெரும் ஆர்ட்டீசியன் படுகையிலிருந்து வரும் தண்ணீர் அது. சில இடங்களில் அந்த நீர் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் பழையது. நீரோடு வரும் உப்புகளும் மணலும் படிந்து படிந்துதான் அந்த மேடே உருவாகியிருக்கிறது. இந்நிலத்துப் பழங்குடியினரான அரபானா மக்கள் இந்த ஊற்றுகளை அறிந்து பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தார்கள். 1859-ல் புதுவழி தேடிய பயணி ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட் இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் வடக்கே போக வழி கண்டார். அதே வரிசையில் 1872-ல் தந்திக் கம்பி முடிந்தது, பிறகு ரயில் வந்தது, 1980-ல் அந்த ரயில் நின்றது. நீங்கள் ஓட்டப்போகும் சாலை ஏன் அங்கே வளைந்து போகிறது என்றால், தண்ணீர் அங்கே இருப்பதால். குழந்தைகளுக்கு இதை வண்டியிலேயே சொல்லிக்கொண்டு போங்கள். அல்ஜிபக்கினாவில் 1892-ல் கட்டிய 578 மீட்டர் இரும்புப் பாலம், நடுவெளியில், ரயில் இல்லாமல் நிற்பதைப் பார்க்கும்போது அந்தக் கதை அவர்களுக்குப் புரியும்.

கோவர்ட் ஸ்பிரிங்ஸில் பழைய ரயில்காரர்கள் காலத்துப் பேரீச்ச மரங்களுக்கு நடுவே முகாம். வெதுவெதுப்பான ஊற்றுநீர்த் தொட்டியில் இறங்கி உட்காரலாம். அன்று மூன்று மணிக்கே போய்ச் சேருங்கள். ஐர் ஏரியின் தென்பகுதியைச் சாலையோரக் காட்சி முனையிலிருந்தே பார்க்கலாம், கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் உப்புவெளி. ஏரிப் படுகையில் இறங்கி நடக்க வேண்டாம். அது அரபானா மக்களுக்குப் புனிதமான இடம், இறங்காதீர்கள் என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். கட்டி தண்டா என்பது அவர்கள் அதற்கு வைத்த பெயர். ஹாலிகன் வளைகுடாத் தடத்துக்கு எஸ்யூவிகளைக் கொண்டுபோகாதீர்கள்.

இரவில் எல்லா விளக்கையும் பத்து நிமிடம் அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஜூலையில் ஒன்பது மணிக்கு மேல் விருச்சிகம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும், கேட்டை நட்சத்திரம் சிவப்பாக. மெல்பர்னிலோ சென்னையிலோ பார்க்காத அளவுக்குப் பால்வீதி அடர்ந்திருக்கும். அதன் நடுவே கறுப்பாக ஒரு நீண்ட நிழல் கிடக்கும். பழங்குடி மக்கள் அந்தக் கறுப்பில் ஈமு பறவையைப் பார்க்கிறார்கள். ஒருமுறை யாராவது காட்டிவிட்டால் பிறகு கண்ணை விட்டு அகலாது. விடியலில் சீக்கிரம் எழுந்தவர்கள் கிழக்கே கார்த்திகைக் கூட்டத்தைப் பார்க்கலாம்.

கடைசியாக, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தென் ஆஸ்திரேலிய அரசின் பாலைநிலச் சாலை நிலவரத்தைத் தினமும் பாருங்கள். ஃபாரினாவிலிருந்து கிளம்பும் காலையில், மரீ போய்ச் சேர்ந்ததும் அங்கேயும் விசாரியுங்கள். ஊர் எல்லையில் எந்தச் சாலை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பலகையே இருக்கும். மூடியிருந்தால் ஒருநாள் காத்திருங்கள். மறுநாளும் மூடியிருந்தால் வந்த வழியே போர்ட் ஆகஸ்டா திரும்பி, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் குபர் பிடி வழியாக உலுரு போய்விடுங்கள், முழுக்கத் தார்ச்சாலை. திரும்பும்போது தடம் திறந்திருந்தால் மார்லாவிலிருந்து தெற்கே அதில் இறங்கலாம். இந்த மாற்றுத் திட்டத்தைக் கிளம்பும் முன்பே மூன்று குடும்பமும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொள்ளுங்கள். வண்டிகளின் மாடலையும் ஸ்டெப்னி என்ன அளவு என்பதையும் எழுதினால், எந்த டயர் போடலாம் என்று சொல்கிறேன்.